ஊசி சாயாத ஊர்

ராக்கெட் ஏவுதளமான தும்பாவைப் பற்றித் திருவனந்தபுரத்தில் யாரைக் கேட்டாலும் கதை தயாராக இருக்கும். மகதலேனா மாதா கோயிலில் விஞ்ஞானிகள் மேஜை போட்டு வேலை பார்த்தது, ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோனது, கடற்கரைக்காரர்கள் ஊரையே காலிசெய்து கொடுத்தது. ஏன் இந்த ஊர் என்று கேட்டால் மட்டும், காந்த நடுக்கோடு இங்கே போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் முந்திய உழைப்பு இருக்கிறது. பாளையத்துக்குப் பக்கத்துக் குன்றின் மேல் உட்கார்ந்து, மணிக்கொருதரம் ஒரு காந்தத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு. ராக்கெட்டுக்கு இருக்கிற மரியாதையில் கால்பங்கு கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

என் தொழில் பழைய கருவிகளைச் சரிசெய்வது. வீடு கரமனையில். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் கடிகார ரிப்பேர். என் கைக்கு வந்தபோது அது பாரோமீட்டர், சர்வே காம்பஸ், பழைய கார்களின் மீட்டர்கள் என்று பெருகிவிட்டது. கடைசியாகக் கைபார்த்தது 1948-ஆம் வருஷத்துச் செவ்ரோலெட் ஒன்றின் டாஷ்போர்டு காம்பஸ். அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவ்ரி தொழிற்சாலையில் கார்களைக் கோத்து விற்றது. 1954-இல் மூடிவிட்டுப் போனது. காம்பஸ் காரோடு வந்ததல்ல, யாரோ பிறகு வாங்கிப் பொருத்தியது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து வாரன் நகரத்தில் ஹல் கம்பெனி செய்தது.

வந்தபோது உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இல்லை. இந்த மாதிரிக் காம்பஸில் எழுத்துப் போட்ட வட்டத்தட்டு ஒன்று, அடியில் காந்தத்தோடு, ஒரு கூர்முனையின் மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் மண்ணெண்ணெய் மாதிரி தெளிவான எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் வண்டி குலுங்குகிறபோதெல்லாம் தட்டு கிறங்கிச் சுற்றும், முனையும் தேயும். வெயிலில் எண்ணெய் விரியும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பின்பக்கம் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் வைப்பார்கள். எழுபது வருஷத்து ரப்பர் அப்பளமாக நொறுங்கியிருந்தது. புது ரப்பரை வெட்டிப் பொருத்துவதில் சிரமமில்லை. சிரமம் தட்டின் எழுத்துகளில்தான்: தப்பான எண்ணெயை ஊற்றினால் பெயின்ட் கரைந்து திரவத்திலேயே மிதக்கும். வாசனை நீக்கிய மண்ணெண்ணெயை வாங்கி, தட்டின் மறுபக்கத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்த பிறகே ஊற்றினேன். மூடும்போது பாத்திரத்திலிருக்கிற எண்ணெய்க்குள்ளேயே முழுக்கி வைத்து மூட வேண்டும். வெளியே வைத்து மூடினால் ஒரு குமிழி நிச்சயம் உள்ளே தங்கும்.

எல்லாம் முடிந்து மேஜையில் வைத்தபோது தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. கூர்முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பழுதில்லை. முனை உட்காரும் கல்லிலும் கீறல் இல்லை. காம்பஸை மெதுவாகச் சுற்றினேன். வடக்கே திருப்பும்போது ‘N’ எழுத்து கீழே இறங்கி நின்றது. தெற்கே திருப்பினால் ‘S’ மேலே ஏறி நின்றது. டாஷ்போர்டு காம்பஸில் ஓட்டுகிறவருக்குத் தெரிவது தட்டின் கிட்டத்து ஓரம். வண்டி வடக்கே போகும்போது கிட்டத்தில் இருப்பது தட்டின் தென்முனை. அதனால் ‘N’ எழுத்தைத் தென்முனையில்தான் எழுதியிருப்பார்கள். ஆக, தட்டின் தென்பக்கம் கனமாக இருக்கிறது.

இது பழுதில்லை, ஓஹையோவின் பூமி. அங்கே காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் வடமுனை கிட்டத்தட்ட எழுபது பாகை தரையை நோக்கிக் குத்திட்டு நிற்கும். லண்டனிலும் ஏறக்குறைய அப்படியே, சுமார் 66 பாகை. அந்த இழுப்பைச் சமன்செய்ய வடக்கத்தி நாடுகளின் காம்பஸில் தென்பக்கம் கொஞ்சம் எடை கூட்டுவார்கள். திருவனந்தபுரத்தில் அந்தக் கீழ்நோக்கிய இழுப்பே கிடையாது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஊசி தரைக்குச் சமமாகக் கிடக்கும்; ஈடுகட்ட வைத்த எடை மட்டும் மிஞ்சித் தட்டைச் சாய்க்கும். அதோடு, ஊசியைப் படுக்கைவாட்டில் திருப்பும் விசை லண்டனில் இருப்பதைப்போல் இங்கே ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் நம் ஊரில் காம்பஸ் தயங்காமல் திசைக்கு வந்து நிற்கும். காந்த ஊசியோடு பழக இதைவிட நல்ல ஊர் வாய்ப்பது அபூர்வம். அது முதலில் தெரிந்தது அரண்மனைக்கு.

சுவாதித் திருநாள் மகாராஜாவைச் சங்கீதக்காரராகத்தான் உலகம் அறியும். வானசாஸ்திரத்திலும் அவருக்கு அதே ஈடுபாடு இருந்தது. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக ஏஜென்டாக இருந்த ஜான் கால்டிகாட் சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, அவரையே பொறுப்பாக்கி 1837-இல் பாளையத்துக் குன்றின் மேல் வானாய்வகம் எழுப்பினார். அதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய முயற்சி கிளம்பியது. ஜெர்மனியில் கோட்டிங்கனிலிருந்து காஸ் என்ற விஞ்ஞானி தொடங்கிவைத்தது: உலகமெங்கும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், எல்லோரும் ஒரே மாதிரிக் கருவியில் காந்த ஊசியின் அசைவை எழுத வேண்டும். பிரிட்டிஷ் அரசு டொரான்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் நிலையங்கள் வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூரை எடுத்துக்கொண்டது. திருவிதாங்கூரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சிறிய சுதேச சமஸ்தானம் தன் கஜானாவிலிருந்து பணம் எடுத்து, டப்ளினில் கிரப் என்பவர் செய்த காந்தக் கருவிகளை வரவழைத்து, 1841-இல் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கால்டிகாட் 1849-இல் இறந்தார். 1852 ஜனவரியில் வந்தவர் ஜான் ஆலன் பிரவுன், ஸ்காட்லாந்துக்காரர். அங்கே மேக்கர்ஸ்டன் என்ற இடத்தில் காந்த நிலையம் நடத்தியவர். இந்த ஊரில் அருங்காட்சியகத்தையும் மிருகக்காட்சிசாலையையும் தொடங்கிவைத்தவரும் அவரே. மியூசியத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அவருடைய கருவி எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டாஷ்போர்டு காம்பஸில் ஐந்து பாகைக்கு ஒரு கோடு இருந்தாலே பெரிது. காந்த ஊசி ஒரு நாளில் காலைக்கும் பகலுக்கும் இடையே ஆடுவதோ பாகையில் அறுபதில் சில பங்கு. அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. முறுக்கில்லாத பட்டு இழையில் காந்தச் சட்டத்தைத் தொங்கவிடுவார்கள். அதோடு ஒரு சிறு கண்ணாடி இருக்கும். எதிரே தள்ளி ஒரு தொலைநோக்கி, அதன் பக்கத்தில் அளவுகோல். கண்ணாடியில் தெரிகிற அளவுகோலின் பிம்பத்தைத் தொலைநோக்கி வழியாக வாசிக்க வேண்டும். காந்தம் இம்மி திரும்பினாலும் பிம்பத்தில் எண் மாறும். அந்த அறையில் இரும்பு ஆணி கூடாது, தாமிரமே. வாசிக்கிறவரின் மடியில் சாவிக்கொத்து கூடாது. இதை ஒரு நாள் செய்வது பெரிதல்ல. இரவு பகலாக, மணிக்கொருதரம், வருஷக்கணக்காகச் செய்தார்கள். தொலைநோக்கியில் கண் வைத்தவர்களில் பெரும்பாலோர் பிரவுன் பயிற்றுவித்த இந்த ஊர்க்காரர்கள்.

பிரவுன் அதோடு நிற்கவில்லை. உயரம் கூடினால் ஊசியின் தினசரி ஆட்டம் மாறுமா என்று அவருக்குக் கேள்வி. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அகத்தியமலை. நமக்கெல்லாம் தமிழ் முனிவரின் பொதிகை. அவருக்கு 1,868 மீட்டர் உயரத்தில் ஒரு காந்த அறை. 1855-இல் அங்கே நிலையம் வந்தது. இன்றும் வனத்துறை அனுமதி வாங்கி, அட்டைக்கடியைத் தாங்கி ஏறுகிறவர்களுக்கே அந்தப் பாதை தெரியும். காட்டு யானை நடமாடும் சரிவில், கூலிகளின் தலைச்சுமையாகப் பட்டு இழையும் கண்ணாடியும் ஏறியிருக்கின்றன. உச்சியில் மழையும் காற்றும் அடிக்கும்போது அறைக்குள் ஒருவர் நேரம் தவறாமல் எண் எழுதியிருக்கிறார். அகத்தியரைத் தொழுவதற்கு ஏறியவர்களை நாம் மறக்கவில்லை. இவர்களையும் அந்த மலையோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

கிடைத்தது என்ன? வடகோளத்தில் ஊசி பகலில் ஒரு விதமாக ஆடும், தென்கோளத்தில் அதற்கு எதிராக. திருவனந்தபுரத்தில் சில மாதங்கள் வடகோளத்தின் ஆட்டம், சில மாதங்கள் தென்கோளத்தின் ஆட்டம். சூரியன் வடக்கும் தெற்கும் போவதை ஒட்டி மாறுகிறது. சந்திரனும் ஊசியை அசைக்கிறது, அந்த அசைவும் பருவத்தோடு தலைகீழாகிறது. காந்தத்தின் ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய 26 நாள் சுழற்சி ஒன்று இருப்பதையும் பிரவுன் கண்டு, அதைச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு இணைத்தார். ராயல் சொசைட்டி 1878-இல் அவருக்கு ராயல் பதக்கம் கொடுத்தது. 1874-இல் லண்டனில் அச்சான அவருடைய பெரிய தொகுதியின் தலைப்பிலேயே மகாராஜாவின் நிலையங்கள் என்றும், 1852 முதல் 1869 வரை என்றும் இருக்கும். பிரவுன் இந்த ஊரை விட்டுப் போனது 1865-இல். மீதி வருஷங்களின் எண்கள் அவர் இல்லாமல், இங்கிருந்தவர்கள் எடுத்தவை. அந்தத் தலைப்பில் எனக்குப் பிடித்தது அந்த 1869 என்ற எண்தான்.

இத்தகைய வேலைக்கு முதல் எதிரி மின்சாரமும் இரும்பும். பம்பாய்க் கொலாபா நிலையம் பல பத்தாண்டுகள் ஊசியை எழுதியது. நகரத்தில் மின்சார டிராம் விடப்போகிறார்கள் என்றதும் அலிபாக் கடற்கரைக்கு மூட்டை கட்டி, 1904-இல் அங்கே வேலை தொடங்கியது. காரின் கதையும் அதேதான். டாஷ்போர்டே இரும்புத் தகடு, பக்கத்தில் ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தம், வைப்பர் மோட்டார். அவற்றைச் சமாளிக்கக் காம்பஸின் அடியில் இரண்டு குட்டிக் காந்தங்களைத் திருப்பும் திருகுகள் உண்டு. பித்தளை ஸ்குரூடிரைவரால் மட்டுமே தொட வேண்டும். செவ்ரோலெட்டைக் காலையில் ஆள் நடமாட்டம் வருமுன் சங்குமுகத்துத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனோம். காரைவிட்டுத் தள்ளி நின்று கைக்காம்பஸில் கிழக்கைக் குறித்து, வண்டியைக் கிழக்கே நிறுத்தி ஒரு திருகைத் திருப்பித் தவறு முழுவதையும் எடுத்தேன். மேற்கே திருப்பி நிறுத்தியபோது காட்டிய தவறில் பாதியை மட்டும் எடுத்தேன். வடக்கு, தெற்குக்கு இன்னொரு திருகு, அதே முறை. தட்டின் சாய்வுக்குத் தென்பக்கத்தில் கூட்டியிருந்த எடையை முன்பே சுரண்டிக் குறைத்திருந்தேன். இனி அந்தக் காம்பஸ் ஓஹையோவுக்குப் போனால் அங்கே சாயும்.

பிரவுனுக்குப் பிறகு குன்றின் மேல் காந்த வேலை தேய்ந்துபோனது. அந்த இழை மறுபடி தொடங்கியது சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு வந்தபோது. 1957-இல் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த நிலையங்கள் வைத்தார்கள். அதற்குள் பெருவில் ஹுவான்காயோ நிலையம் 1922-இலேயே ஒரு விசித்திரத்தைக் காட்டியிருந்தது: காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பகலில் காந்தத்தின் ஏற்றம் மற்ற இடங்களைவிட மிக அதிகம். தலைக்கு மேல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம்தான் காரணம். அந்த உயரத்துக்குப் பலூன் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே தங்காது. ராக்கெட்டால் மட்டுமே துளைத்துப் போக முடியும். விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியல் காரணம் இதுதான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட், ஒரு நைக்–அப்பாச்சி, சோடியம் ஆவியைக் கக்கிக்கொண்டு மாலை வானத்தில் ஏறியது.

காந்த நடுக்கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதல் ராக்கெட் ஏறிய காலத்தில் தும்பாவுக்குச் சற்று வடக்கே இருந்த கோடு பிறகு தெற்கே இறங்கிவிட்டது. ஊசி காட்டும் வடக்கும் மெதுவாக நகர்கிறது. இப்போது இந்த ஊரில் உண்மை வடக்கிலிருந்து சுமார் 2 பாகை மேற்கே தள்ளி நிற்கிறது. அதனால் நான் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு காம்பஸோடும் ஒரு சீட்டு வைப்பேன்: எந்தத் திசையில் எவ்வளவு தவறு மிச்சம், ஊசி எவ்வளவு விலகுகிறது, அளந்த ஊர், அளந்த வருஷம்.

வானாய்வகம் இன்றும் அதே குன்றில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. தொலைநோக்கியில் சந்திரனைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு காந்தத்தைப் பட்டு இழையில் தொங்கவிட்டுக் காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் உட்காரவைத்து எண்களை எழுதச் சொல்ல வேண்டும். அந்தக் குன்றில் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. செலவும் ஒன்றுமில்லை. யாராவது முன்வந்தால் கருவியை நானே செய்து தருவேன்.