சேது நாணயங்கள்

‘சேது’ என்ற தமிழ்ப் பொறிப்புடன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகள். இராமேசுவரம் திருத்தலத்தையும், இராமர் அமைத்ததாகப் போற்றப்படும் அணையையும் குறிக்கும் இச்சொல்லை அவ்வரசர்கள் தம் மங்கல முத்திரையாகக் கொண்டனர். ‘சேது காவலன்’ என்றும் தம்மை அழைத்துக்கொண்டனர். ஒரு புறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, பிறை, நந்தியின்கீழ் ‘சேது’ என்ற எழுத்தும் இவற்றின் பொது அமைப்பு. 1619இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோடு அவ்வரசு முடிவுற்றது. இராமநாதபுரம் சேதுபதிகளும் தம் பெயர் பொறித்த காசுகளை வெளியிட்டனர்.

அன்று கோயிற்காவல் அரசுரிமைக்குச் சான்றாக இருந்ததால், காசில் தெய்வச் சின்னம் இடம்பெற்றது இயல்பே. இன்றைய இந்தியக் குடியரசுக்கென மதம் இல்லை. எனினும் முண்டக உபநிடதத்திலிருந்து எடுத்த ‘சத்தியமேவ ஜயதே’ தேசியச் சின்னத்தின் வழியாக நாணயங்களில் இடம்பெறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில், வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட நினைவு நாணயங்களை எதிர்த்த வழக்கை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் 1864 முதல் நாணயங்களில் உள்ளது. எல்லா மதத்தாரும் மதமற்றோரும் கையாளும் பணத்தில் எந்த மரபும் பிறரை விலக்கிவிடாதிருப்பதே மதச்சார்பின்மைக்கு உரிய அளவுகோல்.