கணக்கில் தோற்ற மகன், கடனை மறைத்த அப்பா



ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தை நேற்று மறுபடி படித்தேன். 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. போர் முடிந்த அமெரிக்காவில் வீடும் ஃபிரிட்ஜும் தவணையில் வாங்கிய காலம்.

வில்லி லோமனுக்கு வயது 63. கம்பெனி சம்பளத்தை நிறுத்திவிட்டு கமிஷன் மட்டும் தருகிறது. பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, சம்பளம் என்று மனைவியிடம் கொடுக்கிறார். அதே சார்லி வேலை தருகிறேன் என்றால் கௌரவம் தடுக்கிறது.

அதற்குப் பல வருடம் முன்பே மூத்த மகன் கணக்கில் ஃபெயில். வாத்தியாரிடம் பேசச் சொல்ல அப்பாவைத் தேடி பாஸ்டன் போனவன், ஓட்டல் அறையில் அவரை வேறொரு பெண்ணோடு பார்க்கிறான். கோடை வகுப்புக்குப் போய்த் தேறும் எண்ணத்தையே விட்டுவிட்டான்.

கடைசியில், 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று உயிரையே விடுகிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை மனைவி கட்டிய நாளில் அந்த வீட்டில் அவர் இல்லை.

கணக்கு வாத்தியாராக நானும் ஃபெயிலான பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். வீட்டில் என்னப்பா நடந்தது என்று கேட்டதில்லை. அது என் தப்பு.

இன்று உங்களில் பலர் அப்பாக்கள். வருமானம் குறைந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள்.