வீட்டிலேயே ஒரு ஃபோம் காட்டுப்பன்றி! வில்வித்தைப் பயிற்சிக்கு 3டி டார்கெட் செய்வது எப்படி?

மகாபாரதத்தில் துரோணர் மரக்கிளையில் வைத்தது உயிருள்ள பறவையை அல்ல. கைவினைஞர்களிடம் சொல்லிச் செய்யவைத்த ஒரு பொம்மைப் பறவையை. அதைக் குறிபார்த்த அர்ஜுனன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்தப் பொம்மையை எதில் செய்தார்கள், ஒருத்தர் அடித்து உடைத்த பிறகு அடுத்தவருக்குப் புதுசு யார் செய்து கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் வில்லும் அம்புமாக ஒரு பிள்ளை இருந்தால், அந்தக் கேள்வி சீக்கிரமே உங்களிடம் வந்துவிடும்.

வில்வித்தை என்றால் நமக்கு ஞாபகம் வருவது மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வண்ண வட்டங்கள் போட்ட ஒலிம்பிக் டார்கெட்தான். 70 மீட்டர் தூரம், 122 செ.மீ அகலத் தாள். எங்கே அடிக்கணும் என்று அந்த மஞ்சள் நிறமே சொல்லிவிடும். 3டி வில்வித்தையில் அந்தச் சலுகை கிடையாது. காட்டுப் பாதையில் நடந்துபோகும்போது புதருக்குப் பின்னால் ஒரு மான், மேட்டில் ஒரு கரடி, பள்ளத்தில் ஒரு பன்றி என்று ஃபோமில் செய்த மிருகங்கள் நிற்கும். எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கண்ணாலேயே கணிக்க வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி காம்பவுண்ட் வில்லுக்கு அதிகபட்சம் 45 மீட்டர், பேர்போ, லாங்போ போன்ற எளிய வில்களுக்கு 30 மீட்டர். இதயப் பகுதியிலுள்ள சின்ன வட்டத்துக்கு 11 புள்ளி, அதைச் சுற்றி 10, அப்புறம் 8, உடம்பில் வேறு எங்கே பட்டாலும் 5. கொம்பிலோ குளம்பிலோ பட்டால் முட்டைதான்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே வில்லால் மான் வேட்டையாட லைசென்ஸும் சீசனும் உண்டு. சீசன் தொடங்கும் முன், வீட்டுக் கொல்லையில் ஒரு ஃபோம் மானை நிறுத்திக் குறி பழகுவார்கள். 1980-களில் அதுவே தனி விளையாட்டாக வளர்ந்து, 2003-ல் பிரான்ஸில் முதல் உலக 3டி சாம்பியன்ஷிப் வரைக்கும் போனது. நம் ஊரில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. எனவே இந்தக் கட்டுரை முழுக்க பொம்மையைப் பற்றியது மட்டுமே. அதையும் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். தெருநாயைக் குறிபார்க்கும் ஆர்வம் அந்த வயதில் வரும்.

அம்பை நிறுத்துவது எது?

கெட்டியான பொருள்தான் அம்பை நிறுத்தும் என்று நினைத்தால், முதல் நாளே அம்பு உடையும். அம்பை நிறுத்துவது உராய்வு. தண்டு உள்ளே நுழையும்போது சுற்றியிருக்கும் ஃபோம் அதை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், உருவிய பிறகு அந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும். தெர்மாகோல் இந்த இரண்டையுமே செய்யாது. நொறுங்கிக் கொட்டும், நாலு அம்பில் ஜன்னல் மாதிரி ஆகிவிடும். மெத்தைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் கிழித்துக்கொண்டு அம்பு வேகம் குறையாமல் வெளியே வரும்.

சரியான பொருள் பலர் வீட்டிலேயே கிடக்கிறது. குழந்தைகள் விளையாட, ஜிம்மில் விரிக்க, பல் பல்லாகக் கோத்துப் போடுகிறோமே, அந்த ஈ.வி.ஏ ஃபோம் மேட்தான். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் உடனே மறைய வேண்டும், அதுதான் தரத்துக்கான சோதனை. இந்த மேட்டின் அகன்ற பக்கத்தில் அம்பு விடக்கூடாது. அடுக்கி, இறுக்கிக் கட்டி, அடுக்கின் ஓரத்தில் விட வேண்டும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அம்பு நுழைந்து சிக்கும். உருவியதும் அடுக்குகள் மறுபடி சேர்ந்துவிடும்.

மான் வேண்டாம், பன்றி செய்யுங்கள்

முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் மானுக்குத்தான் ஆசைப்படுவார்கள். மெல்லிய கழுத்து, குச்சிக்கால், கொம்பு என எல்லாமே செய்யக் கஷ்டம், உடையச் சுலபம். காட்டுப்பன்றி அப்படியில்லை. செங்கல்லுக்கு மூக்கு வைத்தாலே பாதிப் பன்றி வந்துவிடும்.

60 செ.மீ-க்கு 60 செ.மீ அளவில், 20 மி.மீ கனமுள்ள மேட் 12 வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சரிபாதியாக வெட்டினால் 60-க்கு 30 அளவில் 24 துண்டுகள். கட்டர் பிளேடை நன்றாக நீட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்டினால் பிசிறில்லாமல் வரும். 24-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் 48 செ.மீ. கீழேயும் மேலேயும் அதே அளவில் ஒரு பிளைவுட் பலகை. பலகை நடுவில் வளையாமலிருக்க, இரண்டின் வெளிப்பக்கத்திலும் நீளவாக்கில் இரண்டிரண்டு ரீப்பர் கட்டைகளை ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

இனி இறுக்குவது. லாரியில் சரக்கைக் கட்டும் ரேட்செட் பெல்ட் இரண்டு தேவை. பெல்ட் மேல்பலகை மேல் நீளவாக்கில் ஓடி, பன்றியின் தலைப்பக்கமும் வால்பக்கமும் இறங்கி, அடிப்பலகையைச் சுற்றி வர வேண்டும். அம்பு படும் முகத்தின் குறுக்கே வரவே கூடாது. வீட்டில் எடை அதிகமான ஆள் யாரோ, அவரை மேலே உட்காரவைத்துவிட்டு பெல்ட்டை இறுக்குங்கள். 48 செ.மீ உயரம் 40-க்கு வர வேண்டும். இதில் சமரசம் செய்தால் மற்ற எல்லாம் வீண். அடுக்குகளுக்கு நடுவே பசை தடவும் ஆசை வரும். தடவாதீர்கள். காய்ந்த பசை அம்பைக் கவ்விக்கொள்ளும். அதோடு, பின்னால் அடுக்குகளை மாற்றிப்போடவும் முடியாமல் போகும்.

இந்தக் கட்டிதான் டார்கெட். பன்றி என்பது அதற்கு மாட்டிவிடும் சட்டைதான். மிச்சமிருக்கும் பழைய யோகா மேட், உதிரி ஃபோமில் தலை, திமில், பின்புறம் ஆகியவற்றை வெட்டி, ஐந்தாறு துண்டுகளாகச் சேர்த்து ஒட்டி, பெல்ட்டை மறைத்துப் பொருத்துங்கள். ஒட்டுவதற்கு ரப்பர் பசை போதும். இதே பசை தெர்மாகோலில் பட்டால் அதைக் கரைத்துவிடும், அதனால் இரண்டையும் கலக்காதீர்கள். வண்ணத்துக்குச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட், பழுப்பும் கறுப்பும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பன்றியின் முகம் கன்னுக்குட்டி மாதிரி வந்துவிட்டது. அம்புக்கு அதனால் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

கால் வைக்காதீர்கள். மரக்காலில் அம்பு பட்டால் அம்புதான் போகும். புல்லுக்குள் நிற்கும் பன்றி என்று வைத்துக்கொண்டு, மணல் மூட்டைகளின் மேல் உட்காரவையுங்கள். புள்ளி வட்டங்கள் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரட்டும். தூரத்திலிருந்து தெரியாத அளவுக்கு பால்பாயின்ட் பேனாவால் மெலிதாகக் கோடு போட்டால் போதும். பளிச்சென்று வரைந்தால் மறுபடி வட்ட டார்கெட்தான், மிருகம் செய்த பாடு வீண்.

பின்னால் என்ன இருக்கிறது?

ஃபோம் மூச்சு முட்ட அடுக்கிவிட்டு, பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருக்கே என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. குறி தவறிய அம்பு சுவரில் பட்டுத் திரும்பி வரும், அல்லது உடையும். மண்மேடு இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. இல்லையென்றால், வில்வித்தைக்கென்றே விற்கும் வலையைத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். விறைப்பாகக் கட்டினால் அம்பு துளைத்துவிடும். பன்றியின் தலையும் திமிலும் இறுக்கப்படாத ஃபோம் என்பதால், அங்கே பட்ட அம்பு பின்னால் வந்துவிடலாம் என்றே கணக்கு வையுங்கள்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். 25 பவுண்டு இழுவிசையுள்ள பிள்ளைகள் வில்லிலிருந்து கிளம்பும் அம்பேகூட 100 மீட்டரைத் தாண்டிப் போகும். மாடியிலிருந்து தவறிய அம்பு அடுத்த தெருவில் யார் மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது. இடமில்லாதவர்கள் பன்றியை நீங்கள் பழகும் பயிற்சி மைதானத்துக்கே கொண்டுபோய், பயிற்சியாளரிடம் கேட்டு நிறுத்துவதுதான் சரி.

நான் சொன்ன 30 செ.மீ ஆழம் சுமார் 30 பவுண்டு வரையுள்ள வில்லுக்கானது. முதல் அம்பைப் பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள், கிட்டத்தில்தான் அம்பின் வேகம் அதிகம். முனை பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஆழத்தைக் கூட்டுங்கள். காம்பவுண்ட் வில் வைத்திருப்பவர்கள் கடையில் விற்கும் டார்கெட்டே வாங்கிவிடலாம், இதில் விஷப்பரீட்சை வேண்டாம். கூர்மையான பிளேடு வைத்த வேட்டை முனைகளையும் இதில் விடக்கூடாது. அவை ஃபோமை அறுத்துவிடும்.

அம்பை உருவும்போது ஒரு கையால் டார்கெட்டை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் தண்டை ஃபோமுக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக்கூடாது. சட்டென்று உருவி வரும் அம்பின் வால் கண்ணில் குத்தும். கார்பன் அம்பு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. கட்டையிலோ வேறு அம்பிலோ மோதியிருந்தால், லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சின்னதாக 'கிரீச்' என்றாலும் அந்த அம்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணிலிருந்து கிளம்பும்போது சிதறி, வில் பிடித்த கையிலேயே ஏறும்.

அச்சில் ஊற்றிச் செய்யலாமா?

இரண்டு திரவங்களைக் கலந்தால் பொங்கி வரும் பாலியூரித்தேன் ஃபோமை அச்சில் ஊற்றி முழு மிருகமே வார்க்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு திரவம் ஐசோசயனேட். அதன் ஆவி நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமாகூட வரவைக்கும். மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடு ஏறிக் கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கையுறை, முகமூடி, காற்றோட்டம், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் பொறுமை எல்லாம் இருந்தாலும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை. ஜன்னல் இடுக்கை அடைக்கும் ஸ்ப்ரே ஃபோமும் உதவாது. காய்ந்தால் மொறுமொறுவென்று ஆகி, அம்பு பட்டதும் உதிரும்.

பன்றியை வெயிலிலும் மழையிலும் விடாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெயில்தான் ஃபோமுக்கு முதல் எதிரி. அம்பு உருவ வராமல் ஒட்டிக்கொண்டால், தண்டின் முன்பகுதியில் லேசாகச் சோப்பைத் தேய்த்துவிட்டு அடுத்த அம்பை விடுங்கள். முதல் நாள் அம்பு எவ்வளவு ஆழம் போனது என்று அடிப்பலகையில் குறித்து வையுங்கள். அதைவிட நாலு விரல் கூடுதலாகப் போகத் தொடங்கினால் பெல்ட்டை இன்னும் இறுக்கவும். அப்போதும் சரியாகவில்லையென்றால், பெல்ட்டைக் கழற்றி, நெஞ்சுப் பகுதியில் தேய்ந்த அடுக்குகளை முதுகுக்கும், முதுகில் இருந்தவற்றை நெஞ்சுக்கும் மாற்றுங்கள். அடுத்த தடவை முன்பின்னாகத் திருப்பிப் போடலாம். முழுக்கக் கந்தலான துண்டுகளை நறுக்கி, பழந்துணியோடு சாக்கில் திணித்துத் தைத்தால், கிட்டத்திலிருந்து பழக ஒரு மூட்டை டார்கெட் கிடைக்கும்.