சுவரில் வாழும் முகங்கள்

ஓர் ஓவியத்தைக் காண மக்கள் திரள்வது வியப்பன்று. அது களவுபோன பின், வெற்றுச் சுவரைக் காணவும் திரண்டார்கள் என்பதே வியப்பு. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா திருடப்பட்டபோது நிகழ்ந்தது இது. 1913 டிசம்பரில்தான் ஓவியம் புளோரன்சு நகரில் மீட்கப்பட்டது.

லியோனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1503இல் அதனைத் தீட்டத் தொடங்கினார். புளோரன்சுப் பட்டு வணிகர் பிரான்செஸ்கோ தெல் ஜொகொண்டோவின் மனைவி லிசாவே அப்பெண் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. ஆயினும் படம் அவ்வணிகரின் இல்லம் சேரவில்லை. ஓவியரோடு பிரான்சுக்குச் சென்றது. இதழோரத்திலும் விழியோரத்திலும் கோடிழுக்காமல், ஒளியை நிழலுக்குள் புகைபோலக் கரையவிட்டார் லியோனார்டோ. எனவே அம்முறுவல் முற்றுப்பெறாமல் நிற்கிறது. எஞ்சியதைக் காண்பவரே நிறைவு செய்கிறார். ஐந்நூறு ஆண்டுகளாகக் குன்றாத ஈர்ப்பின் மறைபொருள் இதுவே எனலாம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் காண்பவர் நிறைவு செய்யும் முகம் ஒன்று உண்டு. வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில், திரு இருதய ஆண்டவர் படத்திற்குச் சற்றுத் தள்ளி, கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் மீசை முகத்தைக் கண்டிருக்கிறேன். மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்தவர் அவர். மோனாலிசா களவுபோன அதே 1911இல், மார்ச்சு 9ஆம் நாள் மறைந்தவர். லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் பாலார்பட்டி மக்கள் அவர் நினைவாகப் பொங்கலிடுகின்றனர்.

அப்படம் எந்த மேதையின் தூரிகையிலும் பிறந்ததன்று. பழைய புகைப்படம் ஒன்றின் நகலே. ஆனால் உழவர் அதில் தம் நெல்வயலைக் காண்கிறார். இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார் என்று மக்கள் சொல்வதை வரலாற்றறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். எனினும் அந்த முகத்திற்கு நன்றியுள்ளம் தீட்டிய வண்ணம் அது.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அணை கட்டும்போது காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விபத்தாலும் மடிந்த தொழிலாளர் பலர். அவர்களும் கடவுளின் சாயல்களே. அவர்களுக்குப் படமில்லை, மாலையில்லை. பாரிசு மக்கள் வெற்றுச் சுவரின்முன் நின்றார்கள். பென்னிகுயிக் படத்தருகே உள்ள வெற்றிடத்தின்முன் நாமும் ஒரு கணம் நிற்கலாகாதா?