பொதியாக்கக் கோப்புகளை மூலநிரலிலிருந்து பிரித்தல்

கட்டற்ற மென்பொருளை எழுதுவோர் ஒரு சாரார். அதை டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் நிறுவத்தக்க பொதியாக ஆக்கித் தருவோர் இன்னொரு சாரார். எழுதியவர் வெளியிடும் மூலநிரலோடு பொதியாக்குபவரின் கோப்புகள் கலக்காதபடி தனியே வைக்கும் ஏற்பாடே பொதியாக்கப் பிரிப்பு. எந்த மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பிற்காலத்தில் வருபவரும் கண்டறிய முடிவதே இதன் முதன்மையான பயன்.

டெபியனில் ஒரு மூலப்பொதி பொதுவாக மூன்று கோப்புகளாக வரும்: எழுதியவர் வெளியிட்ட மூலச் சுருக்கக் கோப்பு, ‘டெபியன்’ என்னும் கோப்புறையை மட்டும் கொண்ட இன்னொரு சுருக்கக் கோப்பு, இவ்விரண்டையும் விவரிக்கும் சிறு உரைக்கோப்பு. பதிப்பெண்ணும் இப்படியே பிரிந்திருக்கும். 7.0-2 என்றால் 7.0 எழுதியவர் தந்த எண். சிறுகோட்டுக்குப் பின்வரும் 2, அதே மூலத்தை டெபியன் இரண்டாம் முறையாகப் பொதியாக்கியதைக் காட்டும். முன்பிருந்த வடிவத்தில் வழங்கலின் எல்லா மாற்றங்களும் ஒரே வேறுபாட்டுக் கோப்பில் குவிந்திருந்தன. எது பிழைத்திருத்தம், எது பொதியாக்கம் என்று பிரித்தறிவது பெரும்பாடு. 2009 முதல் டெபியன் களஞ்சியம் ஏற்கும் ‘3.0 குவில்ட்’ வடிவத்தில் ஒவ்வொரு திருத்தமும் தனிக் கோப்பு. மூலத்துக்குள்ளேயே ‘டெபியன்’ கோப்புறை இருந்தாலும், பொதியை விரிக்கும்போது அது நீக்கப்பட்டு வழங்கலின் கோப்புறை அங்கே வைக்கப்படும். எழுதியவர் தம் வெளியீட்டில் அந்தக் கோப்புறையைச் சேர்க்க வேண்டாம் என்றே டெபியனும் கேட்டுக்கொள்கிறது. நல்லெண்ணத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பொதியாக்க விதி ஒன்று மாறினால், நிரலில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும் அவர்கள் புதிய பதிப்பு வெளியிட வேண்டிவரும்.

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்ட திருவனந்தபுரத்தில், இந்தப் பிரிப்புக்குத் தெளிவான சான்றாக நிற்பது ரச்சனா என்னும் மலையாள எழுத்துரு. 1971இன் மலையாள எழுத்துச் சீர்திருத்தத்தில் வழக்கிழந்த கூட்டெழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவர, அந்நகரின் மாநில மொழி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சித்ரஜகுமார் முன்னின்று 1999இல் ரச்சனா இயக்கத்தை நடத்தினார். எழுத்துகளை வடித்தவர் கே. எச். ஹுசைன். பிறகு ரச்சனா ஒருங்குறிக்கு மாறிக் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. இன்று அதற்கு மூலம் இரண்டு: சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் (எஸ்.எம்.சி.) குழு பராமரிப்பது ஒன்று, ரச்சனா அச்சுக்கலை நிறுவனம் (ஆர்.ஐ.டி.) வளர்த்தெடுப்பது மற்றொன்று. டெபியனில் ‘எஸ்.எம்.சி.’ என்ற முன்னொட்டோடும் ஃபெடோராவில் ‘ஆர்.ஐ.டி.’ என்ற முன்னொட்டோடும் இவற்றுக்குத் தனித்தனிப் பொதிகள் உள்ளன. 2022இல் வந்த ஃபெடோரா 36, மலையாளத்துக்கான இயல்பு எழுத்துருக்களாக ஆர்.ஐ.டி.யின் மீரா நியூவையும் ரச்சனாவையும் ஏற்றது. எந்த எழுத்துரு இயல்பாக வர வேண்டும் என்பது வழங்கலின் முடிவு. எழுத்தின் வளைவும் கூட்டெழுத்து இணையும் விதமும் வடித்தவரின் முடிவு. இரண்டும் ஒரே இடத்தில் கிடந்திருந்தால், ஒவ்வொரு வழங்கலின் விருப்பத்துக்கும் எழுத்துருக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உரிமங்களும் இந்த எல்லையை மதிக்கின்றன. 1997இல் உருவான டெபியன் கட்டற்ற மென்பொருள் நெறிமுறையின் நான்காம் விதி, மூலத்தை மாற்றாமல் வைத்துத் திருத்தங்களைத் தனியே வழங்கக் கோரும் உரிமத்தையும் கட்டற்றது என்றே ஏற்கிறது. எழுத்துருக்களுக்குப் பரவலாகப் பயன்படும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் ஒரு பெயரை ஒதுக்கி வைக்கலாம். அப்படி ஒதுக்கப்பட்டிருந்தால், திருத்திய எழுத்துரு அனுமதியின்றி அதே பெயரில் வெளிவரக் கூடாது. ஆகவே எழுத்தில் குறை காணும் பொதியாக்குநர் அதை மூலத்துக்கே அனுப்புவதுதான் நல்வழி. அங்கே திருத்தினால் எல்லா வழங்கல்களுக்கும் போய்ச் சேரும்.

திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில் தலைமையிடம் கொண்ட கைட் நிறுவனம், கேரள அரசுப் பள்ளிகளுக்கு உபுண்டு வழிவந்த இயங்குதளத்தைத் தருகிறது. உபுண்டு தன் பொதிகளில் பெரும்பகுதியை டெபியனிலிருந்து எடுப்பது. எனவே மலையாள எழுத்துரு ஒன்று வடித்தவரிடமிருந்து டெபியன், உபுண்டு, கைட் என்று மூன்று கைகள் மாறியே வகுப்பறைக் கணினிக்கு வரக்கூடும். அங்கே எழுத்து உடைந்து தெரிந்தால், ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருக் கோப்பையும் மூல வெளியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கோளாறு எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பெரும்பாலும் கண்டறியலாம். பல மொழிகளுக்கும் பல எழுத்து மரபுகளுக்கும் கணினியில் இடம் வேண்டும் நம் நாட்டில் இந்த வசதி மிகவும் மதிக்கத்தக்கது.

டெபியனைப் போலவே ஃபெடோராவிலும் இந்தப் பிரிப்பு உண்டு. அங்கே பொதியாக்கக் குறிப்பு ‘ஸ்பெக்’ என்னும் ஒரே கோப்பு. அது வழங்கலின் கிட் களஞ்சியத்தில் இருக்கும். மூலச் சுருக்கக் கோப்பு வேறு சேமிப்பில் இருக்கும்.

எல்லைக்கோடு எங்கும் நேராக ஓடுவதில்லை. மென்பொருள் அங்காடிகளுக்கான விவரக் கோப்பு, கையேட்டுப் பக்கம், பட்டிக் குறுக்குவழி ஆகியவை எல்லா வழங்கல்களுக்கும் பொது. அவை மூலத்தில் இருப்பதே முறை. எழுத்துருக்களின் முன்னுரிமையை வரிசைப்படுத்தும் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பு இரு பக்கமும் உரிமை கோரத்தக்கது: எழுதியவர் ஒரு மாதிரியைத் தரலாம், ஆனால் அதன் வரிசை எண்ணை ஒவ்வொரு வழங்கலும் தன்னிடமுள்ள பிற எழுத்துருக்களைக் கணக்கில் கொண்டே முடிவுசெய்யும்.