வாச்சாத்தியும் காலேஜ் நோட்டீஸ் போர்டும்

அக்கா பொண்ணை காலேஜ்ல சேர்க்க நானும் கூடப் போயிருந்தேன். பீஸ் கட்ட வரிசையில நிக்கும்போது சுவத்துல இருந்த போர்டைக் காட்டி, "மாமா, உள்ளக புகார் குழுன்னா என்ன?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா, "உனக்கெதுக்குடி அது? போனமா படிச்சமா வந்தமான்னு இரு"ன்னு அடக்கிட்டாங்க.

திரும்பி வரும்போது பஸ்ஸுல மெதுவாச் சொன்னா: "ஏதாவது நடந்துச்சுன்னு வீட்ல சொன்னா, முதல்ல என் படிப்பைத்தான் நிறுத்துவீங்க. அப்புறம் யார் மாமா சொல்லுவா?"

எனக்குப் பதில் வரலை. அதனாலதான் இந்தப் பதிவு. புகார் சொல்றதுங்கறதுக்கு நம்ம தர்மபுரி மாவட்டத்துலயே ஒரு பெரிய வரலாறு இருக்குங்க.

அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்துல வாச்சாத்தி. பழங்குடி மக்கள் ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் உள்ளே புகுந்தாங்க. ஊரையே அடிச்சு நொறுக்கினாங்க. 18 பெண்களைத் தனியாக் கொண்டுபோய் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. அதுல பள்ளிக்கூடம் போற சிறுமியும் உண்டு. அப்புறம் அந்தப் பெண்களையே கைதியாக்கி சேலம் ஜெயில்ல அடைச்சாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இவங்க யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது? புகாரை வாங்க வேண்டிய போலீஸே குற்றவாளி. அரசாங்கமோ அப்படி எதுவும் நடக்கவே இல்லைன்னு மறுத்தது.

முதல்ல காது கொடுத்துக் கேட்டது மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்க. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.நல்லசிவன் வழக்கு போட்டார். 1995-ல சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 2011 செப்டம்பர் 29 அன்னிக்கு தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொல்லும்போது குற்றஞ்சாட்டப்பட்டவங்கள்ல 54 பேர் செத்தே போயிட்டாங்க. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு. சரியா 12 வருஷம் கழிச்சு, 2023-ல அதே செப்டம்பர் 29-ம் தேதி, உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செஞ்சார். அதுக்கு முன்னால அவரே நேர்ல வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் இழப்பீடுன்னும் உத்தரவு.

31 வருஷம்! அத்தனை வருஷமும் அவங்க சொன்ன சொல்லை மாத்தவே இல்லை.

அதே 1992-ல, செப்டம்பர் மாசம், ராஜஸ்தான்ல பன்வாரி தேவி. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற அரசு வேலையில இருந்த கிராமத்துப் பெண். அந்த வேலையைச் செஞ்சதுக்காகவே கூட்டு வன்கொடுமைக்கு ஆளானவங்க. 1995-ல விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டுல எல்லாரையும் விடுதலை பண்ணிடுச்சு. ஆனா அவங்களுக்காக பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றத்துல போட்ட வழக்குலதான் 1997-ல விசாகா தீர்ப்பு வந்தது. அதுலேருந்து 2013-ல சட்டம், அப்புறம் கல்லூரிகளுக்குன்னு யு.ஜி.சி. விதிமுறைகள். அக்கா பொண்ணு பார்த்த போர்டு இப்படி வந்ததுதான்.

குழுவுக்குத் தலைவர் ஒரு மூத்த பெண் பேராசிரியர். வெளியிலேருந்து ஒருத்தர் இருக்கணும். மாணவர் சம்பந்தப்பட்டதுன்னா மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் அவகாசம். 90 நாள்ல விசாரணை முடியணும். இது போக நேரா போலீசுக்கும் போகலாம். எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கித்தான் ஆகணும். 181-க்கு போன் பண்ணாலும் உதவி கிடைக்கும்.

சட்டம் வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா? 2024 டிசம்பர் 23 ராத்திரி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானாங்க. பயப்படாம மறுநாளே புகார் கொடுத்தாங்க. ஆனா அவங்க விவரம் இருந்த எப்.ஐ.ஆர். வெளியில கசிஞ்சுடுச்சு. அடையாளத்தை வெளியிடறதே குற்றம்னு சட்டம் இருந்தும்! உயர்நீதிமன்றம் தலையிட்டு மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கிட்ட விசாரணையைக் கொடுத்தது. மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு, அவங்ககிட்ட பீஸ் வாங்காம படிப்பை முடிக்க விடணும்னும் சொன்னது. 2025 ஜூன் 2-ம் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைஞ்சது 30 வருஷம்.

வாச்சாத்திக்கு 31 வருஷம் தேவைப்பட்டது, இங்கே அஞ்சே மாசத்துல தீர்ப்பு. ரெண்டு இடத்துலயும் பெண்கள் தைரியமாத்தான் சொன்னாங்க. கேட்டவங்கதான் வேற வேற மாதிரி இருந்தாங்க. சொல்றவங்களுக்குத் தைரியம் வேணும்னு பேசறோம். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். வாச்சாத்தி பேரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பொண்ணுகிட்ட, "எதுவானாலும் என்கிட்ட சொல்லு. படிப்பை நிறுத்த மாட்டேன்"னாங்க.

அவ பதில் சொல்லலை. ஆனா இன்னொரு தோசை கேட்டா.