சங்கு, சாயை, திசை: நிழற்கணக்கின் கலைச்சொற்கள்

நிழற்கடிகாரம் அமைப்போர் முதலில் தீர்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. கதிரவன் குறித்ததொரு திசையில் நிற்கும்போது அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்பான் என்பதே அது. அத்திசையைத் திசைவில் என்றும் உயரத்தை ஏற்றக்கோணம் என்றும் வழங்கலாம். இந்திய வானநூலார் இவ்வினாவிற்கு விடை கண்ட முறையையும், அவர்தம் கலைச்சொற்களைப் பெயர்ப்பதில் எழும் இடர்ப்பாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கணக்கிற்கு நிலைக்களம் மும்பையின் மாட்டுங்கா. தாராவியும் செம்பூரும் ஏறத்தாழ அதே 19 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்தவையே.

சூரிய சித்தாந்தத்தின் மூன்றாம் இயல் திசை, இடம், காலம் என்னும் மூன்றைப் பற்றியது. அதில் 12 அங்குலக் கோல் ‘சங்கு’ எனவும், அதன் நிழல் ‘சாயை’ எனவும் பெயர் பெறும். கதிரவன் தென்கிழக்கு முதலிய கோணத் திசைகளில் நிற்கும்போது அவனது உயரத்தைக் காணும் விதியும் அவ்வியலில் உண்டு. அவ்வுயரம் ‘கோணசங்கு’ எனப்பட்டது. கேரளத்து நீலகண்ட சோமயாஜி, 1500ஆம் ஆண்டளவில் இயற்றிய தந்திரசங்கிரகத்தில் இதனைப் பொதுமையாக்கினார். சங்கு, நதம், கிராந்தி, திசை, அட்சம் என்னும் ஐந்தனுள் மூன்று தெரிந்தால் எஞ்சிய இரண்டையும் பெறலாம் என்று கண்டு, பத்து வினாக்களாக வகுத்தார். ஜ்யேஷ்டதேவரின் யுக்திபாஷை அவற்றிற்கான காரணங்களை 16ஆம் நூற்றாண்டு மலையாள உரைநடையில் விளக்குகிறது.

பெயர்ப்பாளர்க்கு இடர் தருவது ‘சங்கு’ என்னும் சொல்லே. வடமொழியில் முளையைக் குறிக்கும் சொல்லும் கடல்வளையைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு ஒலியுடையவை. மூச்சொலி இல்லாத தமிழில் இரண்டும் ஒரே வடிவாயின. மேலும், வானநூலார் அச்சொல்லாலேயே ஏற்றக்கோணத்தின் சைன் அளவையும் குறித்தனர். ஆகவே கோணசங்கு என்பது வளையும் அன்று, கோலும் அன்று, ஓர் அளவாகும். நட்ட கோலைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அரண்மனைக்குத் திசை வகுக்க இரு கோல் நட்டு நிழல் பார்த்த செய்தி நெடுநல்வாடையில் இடம்பெறுகிறது. கருவிக்குக் ‘கோல்’, அளவிற்குச் ‘சங்கு’ எனப் பிரித்து ஆள்வது மயக்கம் தவிர்க்கும்.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழி ‘ஜ்யா’ அரபியில் ‘ஜீபா’ ஆகி, ‘ஜைப்’ எனப் படிக்கப்பட்டு, 12ஆம் நூற்றாண்டு இலத்தீனில் மடிப்பு எனப் பொருள்படும் ‘சைனஸ்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் திசைவில்லைக் குறிக்கும் ‘அசிமத்’, உச்சியைக் குறிக்கும் ‘செனித்’ ஆகிய இரண்டும் திசை, வழி எனப் பொருள்படும் ஓர் அரபுச் சொல்லிலிருந்தே கிளைத்தவை.

இனிக் கணக்கு. பகலும் இரவும் ஒத்த நாளில் கோல்நிழலின் நுனி ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும். மாட்டுங்காவில் 12 அங்குலக் கோலின் உச்சிப்பொழுது நிழல் 4.14 அங்குலம். கதிரவன் சரியாகத் தென்கிழக்கில் நிற்கும்போது நிழல் வடமேற்கே விழுதலின், அதன் நீளம் இதனை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்க வரும் 5.85 அங்குலம். 12ஐ இதனால் வகுக்க 2.05 கிட்டும், அதற்குரிய ஏற்றக்கோணம் 64 பாகை. அன்றைய உச்சிப்பொழுதின் உயரமோ 71 பாகை.

எல்லா நாளும் இவ்வளவு எளிதன்று. மே நடுவிலிருந்து சூலை இறுதிவரை மும்பையில் கதிரவன் உச்சிப்பொழுதிலும் வடபால் நிற்கிறான். சூன் 21ஆம் நாளளவில் காலையில் அவனது திசைவில் வடக்கிலிருந்து 76 பாகை வரை வளர்ந்து பின் குறையும். ஆதலால் 70 பாகைத் திசையில் அவன் ஒரே முற்பகலில் இருமுறை நிற்கிறான்: முதலில் ஏறத்தாழ 15 பாகை உயரத்தில், பின்னர் 75 பாகை உயரத்தில். விதியும் இரு விடைகளைத் தருகிறது. இலண்டனில் இந்நிலை நேர்வதில்லை. அங்கு எழுதப்பட்ட கையேட்டை அப்படியே தமிழாக்கி, ஒரு திசைக்கு ஓருயரமே என்று எழுதினால், மொழி பிழையின்றி அமையினும் கடிகாரம் பிழைபடும்.

நேரத்திற்கும் இது பொருந்தும். இந்தியச் சீர்நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தபின்னும், அதற்கு 39 நிமிடம் பின்தங்கிய பம்பாய் நேரம் 1955 வரை வழக்கில் இருந்தது. இன்றும் மாட்டுங்காவின் நிழல், கைக்கடிகாரம் 12.39ஐ ஒட்டிக் காட்டும்போதே உச்சியை அறிவிக்கும். பருவத்திற்கேற்பச் சில நிமிடங்கள் முன்பின் ஆகும். சொல்லைப் பெயர்ப்பவர், அச்சொல் எவ்வகலாங்கில் நின்று பேசுகிறது என்பதையும் அறிந்து பெயர்த்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.